அம்மியில் தேய்த்த பெருவிரல்

1

இந்த நாட்டில் எதைக் கேட்டாலும் மரியாதையாகக் கேட்பார்கள். அதனால்தான் எனக்குச் சந்தேகம் வரும். மதுரையில் ஒரு குமாஸ்தா "என்னம்மா வேணும்?" என்று எரிந்து விழுந்தால், அவர் மனதில் இருப்பது அவ்வளவுதான் என்று நிம்மதியாக இருக்கலாம். இங்கே கோபே நகரத்தில் குமாஸ்தா எழுந்து நின்று குனிந்து வணங்கினால், எதையோ பிடுங்கப் போகிறார் என்று கைப்பையை இறுக்கிக்கொள்வேன். வந்து பத்துப் பதினோரு வருடம் ஆகியும் இந்தப் புத்தி மாறவில்லை.

போன வைகாசியில் வட்ட அலுவலகத்திலிருந்து வந்த தபால் அட்டையும் அப்படித்தான், தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று தொடங்கியது. எனக்கு இவர்கள் எழுத்தில் பாதி தெரியாது. அட்டைகளை வாசித்துச் சொல்வது என் மகள் மீனாவின் வேலை. ஐந்து வயதில் மதுரையிலிருந்து வந்தவள், இன்றைக்கு இந்த ஊர்ப் பிள்ளை. தொலைபேசியில் பேசும்போதுகூட எதிரில் ஆள் நிற்பதுபோலக் குனிந்து வணங்குவாள். என்னிடம் தமிழில் தொடங்கி, கோபம் வந்ததும் அவர்கள் பாஷைக்குத் தாவிவிடுவாள். அவள் அட்டை வாசிக்கும்போதெல்லாம் பாதியை விழுங்கிவிட்டுச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்று முகம் மாறியது. வெளிநாட்டவர் வீட்டுப் பிள்ளைக்குப் பதினாறு வயது முடிந்தால் அலுவலகத்துக்கு நேரில் வந்து பதிய வேண்டுமாம். புகைப்படம் கொண்டுவர வேண்டுமாம். இடது கை ஆட்காட்டி விரலின் ரேகையை வைக்க வேண்டுமாம்.

"அம்புட்டுத்தான? நாங்க ரெண்டு பேரும் வந்த நாளா வச்சுக்கிட்டுத்தான இருக்கோம்" என்றேன்.

மீனா அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "நான் வைக்க மாட்டேம்மா."

"ஏன்?"

"தவசித் தாத்தா வச்சாரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவசித் தாத்தாவை அவள் தலைக்குள் கொண்டுபோய் வைத்தவளே நான்தான்.

2

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் நான் மதுரையில் வாத்தியார் வேலை பார்த்தேன். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். குடிமைப் பயிற்சி என்று வாரத்தில் ஒரு வகுப்பு உண்டு. கணக்கு வாத்தியார் விடுப்பில் போனால் அந்த வகுப்பில்தான் கணக்கு நடக்கும், மழை வந்தால் அதில்தான் விளையாட்டு நடக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் திடீரென்று அதற்கு மரியாதை வந்தது. பிள்ளைகளுக்கு நற்குடிமைப் பண்பு வளர வேண்டுமாம். அதற்காக உள்ளூர்த் தியாகி ஒருவரை அழைத்துவந்து முன்மாதிரியாகக் காட்ட வேண்டுமாம். மேலிடத்து உத்தரவு.

தியாகிக்கு எங்கே போவது? உண்மையைச் சொன்னால், அப்போது மதுரையில் தியாகிகளுக்குப் பஞ்சமே இல்லை. தியாகிகளுக்குப் பென்ஷன் என்று அறிவித்த பிறகு, அதுவரை வெற்றிலைக் கடையில் உட்கார்ந்து வெட்டிப் பேச்சுப் பேசியவர்கள் எல்லாம் கதர்ச் சட்டை தைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்தவர்கள் இத்தனை பேர் இருந்திருந்தால் அவன் கப்பல் ஏறப் பத்து நிமிடம் பிடித்திருக்காது. அதனால் தியாகி என்று யாராவது சொன்னால் நான் முதலில் வயதைக் கேட்பேன், பிறகு மனதுக்குள் கழித்துப் பார்ப்பேன்.

தலைமையாசிரியர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒங்க ஊரு எழுமல பக்கந்தான டீச்சர்? தவசின்னு ஒரு தியாகி இருக்காராமே. கூட்டிட்டு வாங்க."

தவசியை எனக்குத் தூரத்திலிருந்து தெரியும். எங்கள் ஊர்க்காரர், என் அய்யாவின், அதாவது அப்பாவின், வயதுதான் இருக்கும். அந்த வயசுக்காரர்கள் எங்கள் பக்கம் சந்தையில் கண்டாலும் கோயிலில் கண்டாலும் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். அய்யா மட்டும் தவசியைக் கண்டால் வேறு வழியில் நடப்பார். அதையும் நான் குறித்துவைத்திருந்தேன்.

கொடியேற்றும் நாளில் தவசி வந்தார். கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத கதர்ச் சட்டை. சிறைக்குப் போனவருக்கு இவ்வளவு மொடமொடப்பு எதற்கு என்று அந்தச் சட்டையைப் பார்த்தபோதே எனக்கு நெருடியது. வந்ததும் வராததுமாகக் காப்பி எப்போது வரும் என்று கேட்டார். அது இன்னும் நெருடியது.

தலைமையாசிரியர் அவர் காதருகே போய், "அய்யா, வரிசையில நிக்கணும், குப்பையக் கண்ட எடத்துல போடக் கூடாது, பெரியவங்க பேச்சக் கேக்கணும், சட்டத்த மதிக்கணும். இம்புட்டுச் சொன்னாப் போதும்" என்றார்.

"சட்டத்த மதிக்காமத்தானய்யா நான் ஜெயிலுக்குப் போனேன்" என்றார் தவசி. தலைமையாசிரியர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் கொடிக்கம்பத்தைப் பார்த்தேன்.

ஒரு பெண் பிள்ளை எழுந்து, "தாத்தா, நீங்க எதுக்கு ஜெயிலுக்குப் போனீங்க?" என்று கேட்டாள். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்க பக்கத்து ஊருகள்ல ஆம்பளையாப் பொறந்தாலே திருட்டுப்பயன்னு வெள்ளக்காரன் எழுதி வச்சிருந்தான். கைரேகச் சட்டம்னு பேரு. பொழுதடைஞ்சா அம்புட்டு ஆம்பளையும் சாவடிக்குப் போயி ரேக வச்சுட்டு அங்கனயே படுக்கணும். காய்ச்சல்னாலும் போகணும், பொண்டாட்டிக்குப் பிரசவ வலின்னாலும் போகணும். திருடாதவன் எதுக்கு வைக்கணும்? நான் பெருவெரல அம்மியில தேச்சேன். தேச்சுட்டுப் போயி வச்சேன். மை அப்பிக் கெடந்துச்சு, ரேக விழல. அடிச்சாக. உள்ள தூக்கிப் போட்டாக. அங்க ஜெயில்லதான் கொடி பிடிச்ச ஆளுகளோட பழக்கமாச்சு. பொறகு கொடி பிடிச்சு ரெண்டாந்தடவ போனேன்."

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஒரு பையன், "தாத்தா, அந்த வெரலக் காட்டுங்க" என்றான்.

தவசி கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். "கொடிக்கு நேரமாச்சு" என்றார்.

எனக்கு அந்த ஒன்று போதும். இருப்பதைக் காட்ட என்ன தயக்கம்?

இதில் நற்குடிமை எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அடுத்த திங்கட்கிழமை வந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஒரு தாய் பையனை இழுத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், நீங்க புள்ளைகளுக்கு நல்ல புத்தி சொல்லிக் குடுக்குறியளா, இல்ல கைய மொடமாக்கச் சொல்லிக் குடுக்குறியளா? மொளகா அரைச்ச அம்மியக் கழுவாமக்கூட வெரலப் போட்டுத் தேச்சிருக்கான். எரியுது எரியுதுன்னு ஒரே கூப்பாடு. வீட்ல சோறு தண்ணி இல்ல."

"ஏன்டா தேச்ச?" என்று பையனைக் கேட்டேன்.

"நல்ல குடிமகனா ஆகணும்னு" என்றான், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு.

தலைமையாசிரியர் அதன்பிறகு தியாகிகளை அழைக்கும் பேச்சையே எடுக்கவில்லை. குடிமைப் பயிற்சி மறுபடியும் கணக்கு வகுப்பானது.

3

அப்படியானால் ஏன் அந்தக் கதையை மகளுக்குச் சொன்னாய் என்று கேட்கலாம். வேறு எதைச் சொல்ல?

என் வீட்டுக்காரர் மதுரையில் ஒரு மில்லில் தறி இயந்திரங்களைப் பழுது பார்ப்பவராக இருந்தார். இயந்திரம் செய்த கம்பெனி பயிற்சிக்கு இங்கே கூப்பிட்டது. பயிற்சி வேலையானது, வேலை குடித்தனமானது. கோபேயில் இறங்கியபோது மீனாவுக்கு முன்பல் விழுந்திருந்தது. இந்த ஊர்ப் பள்ளியில் போட்டோம். மூன்றே மாதத்தில் அவள் வாயில் தமிழ் குறைய ஆரம்பித்தது. சோறு ஊட்டும்போது ராஜா ராணிக் கதை சொன்னால் ஜன்னலைப் பார்ப்பாள். தவசி அம்மியில் விரலைத் தேய்க்கும் இடம் வந்தால் மட்டும் வாயைத் திறப்பாள். நம்பாத கதையை நம்பும்படி சொல்வது வாத்தியார் வேலையில் பாதி. நான் சாவடியைக் கட்டினேன், லாந்தரை ஏற்றினேன், தவசியின் மீசையை இரண்டு விரற்கடை நீட்டினேன். ஒரு கவளம் உள்ளே போனது, அதோடு பத்துத் தமிழ்ச் சொல்லும் போயின. பொய் சொல்லக் கூடாது, பயப்படக் கூடாது, தப்பு என்றால் தப்பென்று சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் தவசியைத்தான் சாட்சிக்கு இழுத்தேன். நான் மூட்டிவைத்த தீ இன்று எங்கள் வீட்டுக் கூரைக்கே வரும் என்று யாருக்குத் தெரியும்?

அட்டை வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் பஞ்சாயத்து நடந்தது.

"வச்சுட்டு வாம்மா, ஒரு வெரல்தான" என்றார் அவர். அவர் அப்படித்தான். கம்பெனி கேட்டால் கால் ரேகையும் வைப்பார்.

"எங்க வகுப்புல அம்புட்டுப் பேரு இருக்காக. கூப்பிட்டது என்னையும் ஜுன்கோவையும்தான்" என்றாள் மீனா. ஜுன்கோ அவளுடைய சிநேகிதி. அவள் இங்கேயே பிறந்தவள், அவளுடைய அப்பாவும் இங்கே பிறந்தவர். தாத்தா கொரியாவிலிருந்து வந்தவர் என்பதால் இன்னும் வெளிநாட்டவர்கள். "திருடன்னு நெனச்சாத்தான ரேக கேப்பாக? நீதானம்மா சொன்ன."

எனக்கு உடனே ஜுன்கோமேல் சந்தேகம் வந்தது. அந்தப் பெண்ணின் அப்பா ரேகை வைக்க மாட்டேன் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தவர் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அவர்தான் என் பெண்ணைத் தூண்டிவிடுகிறார் என்று முடிவு கட்டினேன். ஜுன்கோ வீட்டுக்கு வந்தபோது காப்பியில் சர்க்கரையைக் குறைத்துக் கொடுத்தேன். அவள் இரண்டு முறை வணங்கி, ருசியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். இவர்களிடம் கோபத்தைக் காட்டக்கூட வழியில்லை.

விளையாட்டுப் பிடிவாதம் என்று விட்டிருப்பேன். ஆனால் ஊரில் அய்யா பக்கவாதத்தில் விழுந்து கிடந்தார். என் தம்பி பாண்டி அவரை எழுமலைப் பக்கத்திலிருந்து மதுரைக்குத் தன் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். பேச்சு குழறுகிறது, ஆனாலும் மீனா பேரை மட்டும் தெளிவாகச் சொல்கிறார் என்று தம்பி எழுதியிருந்தான். பள்ளி விடுமுறையில் மீனாவைக் கூட்டிக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ரேகை வைக்காதவர்களுக்குப் பதிவு அட்டை சரியாக வராது. அது சரியாக இல்லையென்றால், வெளியே போய்த் திரும்பி வருவதற்கான அனுமதி கிடைக்காது. போகலாம். திரும்ப முடியாது. அவளுடைய படிப்பு, வீடு, சிநேகிதிகள் எல்லாம் இங்கே. என் அய்யா அங்கே. நடுவில் ஒரு விரல்.

4

அதனால் என்னிடம் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தேன். தவசியைப் பற்றி அதுவரை அவளிடம் சொல்லாத பாதியைச் சொன்னேன்.

நாங்கள் இங்கே புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, அய்யாவின் நிலத்துக்குப் பணம் கட்டும் காரியமாக உசிலம்பட்டிக் கருவூலத்துக்குப் போயிருந்தேன். கூட்டமான கூட்டம். ஒரு மேசைக்கு முன்னால் அதே மொடமொடப்புக் கதர்ச் சட்டை. தவசி. பென்ஷன் வாங்க வந்திருக்கிறார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. குமாஸ்தா மைப்பெட்டியை நீட்டினார். தவசி பெருவிரலை மையில் அழுத்தி, காகிதத்தில் உருட்டி எடுத்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு எட்டிப் பார்க்காவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ரேகை சுழி சுழியாக, ஒரு கோடு விடாமல் விழுந்திருந்தது.

"அய்யா ரேக அச்சடிச்ச மாதிரி விழுகுதே" என்று குமாஸ்தாவே சொன்னார்.

வெளியே வந்தவரை மறித்தேன். "அய்யா, அம்மியில தேச்சதாப் புள்ளைககிட்டச் சொன்னீகளே."

"ஆமா தாயி, தேச்சதுதேன்" என்றார். விரலில் இருந்த மையைச் சுவரில் துடைத்தார். "எழுமலைக்கு வண்டி எப்ப?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டபடி நடந்துவிட்டார். முகத்தில் ஒரு வெட்கம், ஒரு தடுமாற்றம் இல்லை. பொய்யை இவ்வளவு அமைதியாகச் சொல்கிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றே ஊருக்குப் போய் அய்யாவிடம் கேட்டேன். அய்யாவும் அந்தச் சாவடியில் படுத்தவர்தான். வாலிபம் முழுக்க ரேகை வைத்தவர். ஆனால் அதைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை.

"அய்யா, தவசி வெரலத் தேச்சது நெசமா?"

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "எனக்குக் காட்டுல வேல கெடக்கு" என்றார். போய்விட்டார்.

உண்மை என்றால் ஆமாம் என்று ஒரு சொல்லில் முடித்திருப்பாரே. ஊர்க்காரனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் எழுந்து போகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். வழக்கு அத்தோடு தீர்ந்தது.

இதையெல்லாம் மீனாவிடம் சொல்லி முடித்தேன். "பாத்தியா? தேச்ச வெரல்ல ரேக எப்படி விழும்? அந்தாளு வச்சுட்டு வச்சுட்டு வந்து, வைக்கலேன்னு கத விட்டிருக்காரு. அவர நம்பி நீ ஒன் தாத்தாவப் பாக்காம இருக்கப் போறியா?"

பத்து வயது வரை அவளுடைய சாப்பாட்டில் கலந்திருந்த மனிதரை ஒரே அடியில் எடுத்துவிட்டேன். ஆனாலும் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"அவரு தேய்க்கலேன்னா, நான் தேய்க்கக் கூடாதா?" என்று கேட்டாள் மீனா.

5

கடைசியில் தாத்தாவைச் சொல்லித்தான் அவளை அலுவலகம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். என்னுடைய பதிவு அட்டையையும் அதே சமயம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நான் முதலில் வைத்தால் அவளும் பின்னால் வைப்பாள் என்று கணக்குப் போட்டேன்.

குமாஸ்தா எழுந்து வணங்கினார். நான் கைப்பையை இறுக்கிக்கொண்டேன். இப்போது கறுப்பு மை கிடையாது. கறை படாத ஒரு திரவத்தில் விரலை ஒற்றி, அதற்கென்று உள்ள காகிதத்தில் அழுத்தினால் ரேகை தெரியும். கைரேகை கேட்பதில்கூட விரல் அழுக்காகக் கூடாது என்ற நாகரிகம்.

அழுத்தினேன். ஒன்றும் விழவில்லை. மறுபடி துடைத்து, மறுபடி அழுத்தினேன். மங்கலாக ஒரு திட்டு விழுந்தது, கோடே இல்லை.

இந்த இடத்தில் ஊரில் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதிய உணவுப் பொட்டலம் கட்டும் ஒரு சமையற்கூடத்தில் எனக்கு வேலை. பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன கை, இங்கே அண்டா அண்டாவாகப் பாத்திரம் கழுவுகிறது. கையை அரிக்கும் சோப்பு மருந்தும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி பளிங்காகிவிட்டது.

குமாஸ்தா என் விரலைப் பார்த்தார். பிறகு ரொம்பச் சாதாரணமாக, "இரண்டு வாரம் பாத்திரம் கழுவாமல் இருந்துவிட்டு வாருங்கள். தோல் வளர்ந்துவிடும், ரேகையும் பழையபடி வந்துவிடும்" என்றார். சமையற்காரர்களுக்கும் மீன் வெட்டுகிறவர்களுக்கும் இது வழக்கம்தானாம்.

எனக்குப் புரிந்தது பாதிதான். மீனா தமிழில் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது.

குமாஸ்தா அடுத்து அவளைப் பார்த்தார். "அம்மாவோடு சேர்ந்து நானும் இரண்டு வாரம் கழித்தே வரலாமா?" என்று அவள் கேட்டாள். கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. அவர் வணங்கினார். அவளும் வணங்கினாள்.

திரும்பும் வழியில் ரயில் பெட்டியில் மீனா என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா. திரும்ப வளரும்னா, பென்ஷன் ஆபீஸ்ல தவசித் தாத்தா வச்சப்ப ரேக விழுந்தது தப்பில்லதான?"

அது எனக்கும் தோன்றியிருந்தது. ஆனால் நான் விடுகிற ஆளா? "வளரும்னா அப்புறம் அவரு தேச்சு என்ன பிரயோசனம்? ரெண்டு வாரத்துல வளந்திருக்கும். மறுபடி சாவடியில வைக்கச் சொல்லியிருப்பாக. வச்சிருப்பாரு. அப்பவும் பொய்தான."

"மறுபடி தேச்சிருப்பாரு."

"மறுபடி வளருமே."

"மறுபடி தேச்சிருப்பாரும்மா."

"அப்படி எந்தக் கிறுக்கன் தேய்ப்பான்?" என்றேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீனா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

6

சமையற்கூடத்தில் சொல்லி, பொட்டலம் மடிக்கும் பக்கம் மாறிக்கொண்டேன். வீட்டில் பாத்திரத்தை மீனா எடுத்துக்கொண்டாள். அதுவரை தான் குடித்த தம்ளரைக் கழுவாத பெண், "நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று என்னை அடுப்படியிலிருந்து விரட்டினாள். அம்மாவின் விரல் வளர வேண்டுமே என்ற அக்கறை என்று வீட்டுக்காரர் பூரித்துப் போனார்.

நான் பூரிக்கவில்லை. அவள் கழுவுவதைக் கதவோரம் நின்று கேட்டேன். இரண்டு தட்டு, மூன்று கிண்ணம் கழுவ இவ்வளவு நேரமா? கழுவி அடுக்கிய சட்டியை எடுத்து மறுபடி தேய்த்தாள். கம்பி நார் தண்ணீராய்க் கரைந்தது. ஒரு முறை உள்ளே போய், "என்னடி பண்ற?" என்றேன்.

"பாத்திரம் தேய்க்கிறேன்" என்றாள், இடது கையை நுரைக்குள் வைத்துக்கொண்டு.

கையைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எட்டிப் பார்க்காமல் நான் விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். எனக்குப் பயமாக இருந்தது. பார்த்துவிட்டால் தடுக்க வேண்டும். தடுக்க மனமில்லை என்பது தெரிந்துவிடுமோ என்ற பயம் அது.

இரண்டாம் முறை போனோம். என் விரல் வளர்ந்திருந்தது. அச்சடித்த மாதிரி விழுந்தது. மீனா விரலை ஒற்றி அழுத்தினாள். வெறும் திட்டு. மறுபடி அழுத்தினாள், வெறும் திட்டு. குமாஸ்தா அவள் விரலைப் பார்த்தார். விரல் நுனி சிவந்து, தோல் உரிந்து இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்காமல் இருந்திருக்காது. இருந்தாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து வரட்டும்" என்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்தார் என்று எனக்குப் பட்டது. அந்த மனிதர்மேல் என் சந்தேகம் இன்னும் தீரவில்லை, ஆனால் அது இப்போது வேறு மாதிரிச் சந்தேகம்.

ஆக, அட்டை இல்லை, அனுமதி இல்லை. விடுமுறைப் பயணத்துக்கு நான் மட்டும்தான் என்று ஆகிவிட்டது. வீட்டுக்காரர் அன்று சாப்பிடாமல் எழுந்து போனார். நல்ல குடிமகளாக வளர்க்கிறேன் என்று கிளம்பினேன், எந்த நாட்டுக்கு நல்ல குடிமகள் என்று யோசிக்காமலே வளர்த்துவிட்டேன். ஒரு பக்கம் பெருமை நெஞ்சை அடைத்தது. மறுபக்கம் அய்யாவின் முகம்.

தம்பி பாண்டி தொலைபேசி இலாகாவில் வேலை பார்ப்பதால் அவன் வீட்டில் போன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டேன். அய்யாவின் கட்டில் போனுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

"என்னக்கா, ரெண்டு பேரும் என்னைக்கு வாரீக?"

"நான் மட்டும்தாண்டா வாரேன்."

"மீனா வரலயா? அய்யா அவளத்தானக்கா கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

என்ன பொய் சொல்வது என்று யோசித்தேன். பரீட்சை என்று சொல்லலாம், காய்ச்சல் என்று சொல்லலாம். வாயில் உண்மைதான் வந்தது. "இங்க நம்ம மாதிரி வெளிநாட்டு ஆளுகளுக்கெல்லாம் ரேக எடுக்குறாகடா. இவ வைக்க மாட்டேன்னு வெரலத் தேச்சுக்கிட்டா. ரேக விழல. அதுனால வர முடியாது."

தம்பி போனைக் கீழே வைத்துவிட்டு அய்யாவிடம் உரக்கச் சொல்வது கேட்டது. அதன்பின் அய்யாவின் குரல். குழறிக் குழறி, நிற்காமல், ரொம்ப நேரம். பக்கவாதம் வந்த பிறகு அவர் அவ்வளவு பேசியதில்லை. திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். திட்டட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

தம்பி மறுபடி வந்தான்.

"அக்கா, அய்யா மீனாகிட்டச் சொல்லச் சொல்றாக. ஒருக்காத் தேச்சாப் பத்தாதாம். எட்டு நாள்ல மொளச்சிருமாம். புண்ணு ஆறுறதுக்கு முன்னாடியே மறுபடி தேய்க்கணுமாம். தவசி அப்படித்தான் வருசக்கணக்காத் தேச்சாராம்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இன்னொண்ணும் சொல்றாகக்கா. அய்யாவும் அவரோட சேந்து ஒரு தடவ தேச்சாகளாம். ரெண்டாந்தடவ முடியலயாம். ரேக மொளச்சதும் போயி வச்சுட்டாகளாம்."

பின்னால் அய்யா எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அது மீனாவின் பெயர். அது மட்டும் எனக்கே தெளிவாகக் கேட்டது.

போனை வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். மீனா தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"தாத்தா கோவிச்சுக்கிட்டாரா?" என்று கேட்டாள்.

அவர் சொன்னதைச் சொன்னேன். முதலில் தவசியைப் பற்றி, பிறகு அய்யாவைப் பற்றி. ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் குறைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டுத் தன் விரலை ஒரு முறை பார்த்தாள். குழாயைத் திறந்தாள்.

பழைய கம்பி நார் தேய்ந்து போயிருந்தது. நான் புதியதைப் பிரித்து எடுத்துக் கொடுத்தேன்.